சிங்கப்பூரில் செஃப்கள் சாப்பிடும் கடைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூருக்குச் சுற்றிப் பார்க்கப் போகும் நண்பர்களும் உறவினர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கும்: "பெரிய பெரிய செஃப்கள் எல்லாம் அங்கே ஏதோ தெருக்கடையில் சாப்பிடுகிறார்களாமே, அது எந்தக் கடை?" அங்குள்ள தமிழர்கள் சிங்கப்பூர் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். இங்கேயும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஒரு செஃப் சொன்னார் என்பதற்காக ஒரு கடையைத் தேடிப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் அவர் என்ன சொன்னார் என்பதை முழுதாகக் காதில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். தொழில்முறைச் சமையல்காரர் யாரும் "அந்தக் கடை நன்றாக இருக்கும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில்லை. "அங்கே வெள்ளை மிளகு நண்டு சாப்பிடு" என்பார். "இந்தக் கடையில் சோறு மட்டும் போதும்" என்பார். ஒரு கடை, ஒரு பண்டம், அதைச் செய்யும் ஒரு கை. அவருடைய பரிந்துரை அவ்வளவுதான்.

நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். மிளகு நண்டுக்குப் பெயர்போன கடைக்குக் குடும்பத்தோடு போய், பிள்ளைகளுக்காக ஃப்ரைடு ரைஸும் இனிப்பும் புளிப்புமான கோழியும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "ஒன்றும் பிரமாதமாக இல்லை, வீண் பேச்சு" என்று திரும்பிவிடுவார்கள். அதைச் சாப்பிடச் சொல்லி யாருமே சொல்லவில்லையே!

இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். ஒரு செஃப் இன்னொரு செஃபின் ஆடம்பர உணவகத்தைப் புகழ்ந்தால் அதில் பாதி தொழில் மரியாதையாக இருக்கக்கூடும். அவரும் இவரும் நண்பர்கள். நாளைக்கு இவர் கடையை அவர் புகழ வேண்டும். பத்துக்குப் பத்து அடிக் கடையில் வியர்த்து விறுவிறுத்து நிற்கும் ஒரு பெரியவரின் நூடுல்ஸைப் புகழ்வதில் அப்படிக் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. நான் நம்புவது இந்த இரண்டாவது வகையைத்தான்.

யார், எந்தக் கடையைச் சொன்னார்கள்?

உலகம் முழுக்கத் தெரிந்த உதாரணம் அந்தோணி போர்டைன். நியூயார்க்கில் சமையல்காரராக இருந்து, பிறகு ஊர் ஊராகச் சாப்பிட்டுக் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளால் புகழ்பெற்று, 2018இல் மறைந்தவர். மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையத்தில் (ஒரே கூரையின் கீழ்ச் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் கூடியிருக்கும் இடம்) இருக்கும் தியென் தியென் ஹைனான் கோழிச்சோற்றுக் கடையை அவர் கொண்டாடினார். அங்கே அவர் உருகியது கோழிக்கு அல்ல, சோற்றுக்கு. தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமலே அந்தச் சோற்றைச் சாப்பிடலாம் என்பது அவர் கட்சி.

ஏன் என்று தெரிந்துகொண்டு சாப்பிட்டால் ருசி கூடும். கோழியைக் கொதிக்கவிடாமல், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள நீரில் மெல்ல வேகவைக்கிறார்கள். வெந்ததும் பனிக்கட்டி நீரில் முக்குகிறார்கள். உடனே தோல் சுருங்கி இறுகுகிறது. தோலுக்கும் இறைச்சிக்கும் நடுவே மெல்லிய கூழ்போன்ற ஒரு படலம் தங்கிவிடுகிறது. கோழிக்கொழுப்பை உருக்கி, இஞ்சி பூண்டோடு அரிசியை வறுத்து, மணத்துக்குப் பாண்டன் இலை போட்டு, கோழி வெந்த அதே சாற்றில் சோறாக்குகிறார்கள். தட்டு வரும்போது பார்ப்பதற்கு வெறும் வெள்ளைச் சோறும் நான்கு துண்டுக் கோழியும்தான். மசாலாவுக்குப் பழகிய நம் கண்ணுக்கு அது நோயாளி சாப்பாடு மாதிரி தெரியும். முதல் வாய்ச் சோற்றை மிளகாய்ச் சாறு தொடாமல் சாப்பிட்டுப் பாருங்கள், அந்த எண்ணம் போய்விடும்.

தரத்தில் அந்தக் கடை காட்டிய பிடிவாதத்துக்கு ஒரு சம்பவம் சொல்லலாம். 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூருக்கு வரும் கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. உறைந்த கோழியை வாங்கிச் சமாளிப்பதைவிட, புதிய கோழி கிடைக்காவிட்டால் கோழி உணவையே நிறுத்திவைப்போம் என்று கடைத்தரப்பு சொல்லிவிட்டது. கோழிச்சோற்றுக் கடை கோழி விற்க மாட்டேன் என்று சொல்வது லேசான காரியமா?

கார்டன் ராம்சே தெருக்கடைக்காரர்களிடம் தோற்றுப்போனார் என்பது உண்மையா?

உண்மைதான். 2013 ஜூலையில் சிங்கப்பூரில் ஒரு போட்டி நடந்தது. பிரிட்டனின் பிரபல செஃபான ராம்சே மூன்று உணவுகளைக் கற்றுக்கொண்டு சமைக்க வேண்டும். அவற்றில் பெயர்பெற்ற மூன்று கடைக்காரர்கள் எதிரணி. தியென் தியென் கோழிச்சோறு, 328 காத்தோங் கடையின் லக்சா என்ற குழம்பு நூடுல்ஸ், ஜம்போ கடையின் மிளகாய் நண்டு ஆகியவையே அந்த மூன்றும். பொதுமக்கள் சுவைத்து வாக்களித்தார்கள். மிளகாய் நண்டில் மட்டும் ராம்சே வென்றார். கோழிச்சோறும் லக்சாவும் அவர் கையை விட்டுப் போயின.

இதைக் கேட்டால் பலர் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. மிளகாய் நண்டு என்பது சாஸைச் சமன்படுத்தும் வேலை; நல்ல மேற்கத்தியச் சமையல்காரருக்கு அது கைவந்த கலை. கோழிச்சோறு அப்படியல்ல. அது நாள்தோறும் அதே பாத்திரத்தில், அதே சாற்றில், நீர் எப்போது கொதிக்கப் போகிறது என்று கை அறிந்து செய்வது. ஓரிரு நாளில் அது யாருக்குத்தான் வரும்?

காத்தோங் லக்சாவைப் பற்றி ஒரு குறிப்பு: அதில் நூடுல்ஸைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டிப் போடுவார்கள். தேங்காய்ப்பாலும் உலர்ந்த இறாலும் சேர்ந்த குழம்போடு கரண்டியாலேயே அள்ளிச் சாப்பிடலாம். குச்சி பிடிக்கத் தெரியாதவர்களுக்கு வசதி.

மிஷ்லின் நட்சத்திரமும் செஃப்களின் பரிந்துரையும் ஒன்றுதானா?

இல்லை. உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்துத் தரம் பிரிக்கும் மிஷ்லின் கையேட்டுக்குச் சாப்பிட்டுப் பார்ப்பவர்கள் அந்த நிறுவனத்தின் சொந்த ஆய்வாளர்கள். தங்களை யார் என்று காட்டிக்கொள்ளாமல் வந்து போவார்கள். சிங்கப்பூருக்கான முதல் கையேடு 2016இல் வந்தது. அதில் இரண்டு அங்காடிக் கடைகளுக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஒன்று சைனாடவுன் வளாகத்தில் சான் ஹோன் மெங் நடத்திய சோயா சாஸ் கோழிக்கடை. மற்றொன்று கிராஃபோர்டு லேனில் இருக்கும், 1932இல் தொடங்கிய ஹில் ஸ்திரீட் தாய் ஹுவா பன்றியிறைச்சி நூடுல்ஸ் கடை. சானின் கடையில் ஒரு தட்டுக் கோழிச்சோறு அப்போது 2 வெள்ளி. உலகிலேயே மலிவான நட்சத்திரச் சாப்பாடு என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின.

பிறகு சானின் கடை வேறு நாடுகளிலும் கிளை பரப்பியது. 2021இல் நட்சத்திரம் போய்விட்டது. தாய் ஹுவா இருந்த இடத்திலேயே இருந்து தன் நட்சத்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டது. இதில் எது காரணம், எது விளைவு என்று ஆய்வாளர்கள் சொல்வதில்லை; உங்கள் ஊகம் என்னவோ, என் ஊகமும் அதுதான்.

நட்சத்திரத்தைவிடப் பயணிக்குப் பயன்படுவது அதே மிஷ்லினின் பிப் கூர்மான் பட்டியல். தலைக்கு 45 வெள்ளிக்குள் நல்ல சாப்பாடு கிடைக்கும் இடங்கள் அதில் வரும். தியென் தியெனும் அதில் இடம்பெற்ற கடைதான்.

வேலை முடிந்த பிறகு செஃப்கள் எங்கே போகிறார்கள்?

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது; கேட்பவர்கள்தான் குறைவு. ஓட்டல் அடுப்பை அணைத்து, மேடையைத் துடைத்து, மறுநாளைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வர இரவு பதினொன்றாகிவிடும். பெயர்பெற்ற அங்காடிக் கடைகளில் பல அதற்குள் மூடியிருக்கும். சில மதியமே சரக்குத் தீர்ந்து கதவடைத்திருக்கும். அதனால் செஃப்களின் பரிந்துரைகளில் இரண்டு ரகம் இருக்கின்றன. விடுமுறை நாளில் போகும் அங்காடிக் கடைகள் ஒன்று. பின்னிரவில் போகும் 'ஸீ சார்' கடைகள் இன்னொன்று.

ஸீ சார் என்றால் நடுவில் வட்ட மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, உரத்த பேச்சு, கேட்டதும் சுடச்சுட வாணலியில் பிரட்டிக்கொடுக்கும் சீனக் குடும்பச் சாப்பாடு. ஐந்தாறு பேராகப் போய்ப் பல தட்டுகளைப் பகிர்ந்து சாப்பிடுவது வழக்கம். தனியாகப் போனால் ஒரு பண்டத்தோடு வயிறு நிறைந்துவிடும்.

கேலாங் வட்டாரத்தில் இருக்கும் ஜேபி ஆ மெங் கடை இந்த விஷயத்தில் செஃப்களின் செல்லப்பிள்ளை. வெள்ளை மிளகு நண்டும், அடிப்பிடித்து மொறுமொறுவென்று தோசை போல வரும் சான் லௌ பீஹூனும் அங்கே விசேஷம். அரிசிச் சேமியாவைச் சாற்றில் ஊறவைத்து, பிறகு வாணலியில் அழுத்தி, ஒரு பக்கம் கருகும் கட்டத்துக்குச் சற்று முன்னால் எடுக்கிறார்கள். ஓரங்களை முதலில் பிய்த்துச் சாப்பிடுங்கள்; நடுப்பகுதி காத்திருக்கும், ஓரம் காத்திருக்காது.

அதே கேலாங்கில் சின் ஹுவாட் என்ற கடையின் நண்டுப் பீஹூனை, சாவதற்கு முன் சாப்பிட வேண்டிய பதின்மூன்று இடங்கள் என்று போர்டைன் போட்ட பட்டியலில் சேர்த்திருந்தார். பார்க்கச் சாதாரணக் கடை. விலை சாதாரணம் அல்ல. நண்டை நிறுப்பதற்கு முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் கடல் உணவு எங்கே சாப்பிட்டாலும் இதைச் செய்வது நல்லது.

கியோங் சைக் சாலையில் கோக் சென், அலெக்சாண்ட்ரா பக்கம் கெங் எங் கீ என்று இன்னும் சில பெயர்கள் காதில் விழும். பின்னதில் 'நிலவு' ஹோர் ஃபன் கேளுங்கள். கரும்பழுப்பாக வறுத்த பட்டை நூடுல்ஸின் மேல் பச்சை முட்டையின் மஞ்சள் கரு முழுநிலவாக உட்கார்ந்திருக்கும். உடைத்துக் கலந்து சாப்பிட வேண்டும்.

வாணலியின் புகைமணம்தான் இந்தக் கடைகளின் உயிர். சீறி எரியும் அடுப்பில் சமையல்காரர் வாணலியைச் சுண்டும்போது எண்ணெய்த் துளிகள் மேலெழுந்து தீப்பிடிக்கின்றன. அந்த நொடிநேர நெருப்பு நூடுல்ஸை நக்கிவிட்டுப் போகிறது. வீட்டு அடுப்பில் இது வராது. பல ஓட்டல் அடுப்பிலும் வராது. வந்து சாப்பிடும் செஃபுக்கு அது தெரியும், அதற்காகத்தான் வருகிறார்.

நம்மவர் கடைகள் ஏதாவது இந்தப் பட்டியல்களில் உண்டா?

உண்டு, அதுவும் இரண்டு கோடியிலும் உண்டு.

ஆடம்பரக் கோடியில் செஃப் மனோ தேவர். பினாங்கில் பிறந்தவர். சிங்கப்பூரில் அவர் நடத்தும் 'தேவர்' உணவகம் 2022இல் இரண்டாவது மிஷ்லின் நட்சத்திரத்தைப் பெற்றது. இந்திய மசாலாவும் மலேசியச் சுவையும் சேர்ந்த சமையல். முன்பதிவு இல்லாமல் போக முடியாது. கட்டணமும் அதற்கேற்ற கட்டணம்.

மறுகோடியில் மீன்தலைக் கறி. கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமெஸ் என்பவர் ஏறத்தாழ 1950ஆம் ஆண்டையொட்டி இதைத் தொடங்கிவைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. சீன வாடிக்கையாளர்கள் மீன்தலையை விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்து, அதைத் தென்னிந்தியக் குழம்பில் இறக்கிவிட்டார். இன்று அதை ரேஸ் கோர்ஸ் சாலையில் 1974இல் தொடங்கிய பனானா லீஃப் அப்போலோவிலும் 1969இல் பிறந்த முத்தூஸ் கறியிலும் சாப்பிடலாம். பெரிய சங்கரா மீன் வகையின் தலை, புளி, வெண்டைக்காய், கத்தரிக்காய். சில இடங்களில் அன்னாசித் துண்டுகளும் இருக்கும். கன்னத்துச் சதையை முதலில் எடுப்பவருக்குத்தான் யோகம்.

சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908இல் தொடங்கிய ஸம் ஸம் கடையின் மூர்தபாவும் உண்டு. நம்மூர் முட்டைப் பரோட்டாவின் பணக்கார ஒன்றுவிட்ட அண்ணன் அது: வீசி வீசித் தாள்போல விரித்த மாவில் கொத்துக்கறி, வெங்காயம், முட்டை வைத்து மடித்துச் சுடுகிறார்கள். தேக்கா உணவங்காடி நிலையத்தில் அலாவுதீன் பிரியாணிக் கடைக்கு மதியம் போய்விடுங்கள். தேக்காவில் தமிழிலேயே பேசி வாங்கலாம் என்பது தனி நிம்மதி.

நான் சைவம். எனக்கு என்ன வழி?

செஃப்களின் சிங்கப்பூர்ப் பட்டியல் சைவத்துக்குக் கஞ்சத்தனம் காட்டுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சைவம் போலத் தோன்றும் சீனப் பண்டங்களில்கூட இறால் விழுதோ பன்றிக்கொழுப்போ சிப்பிச் சாஸோ இருக்கக்கூடும். "இறைச்சி இல்லை" என்று கடைக்காரர் சொன்னால் இறைச்சித் துண்டு இல்லை என்று மட்டும் பொருள்.

சிராங்கூன் சாலைப் பக்கம் போய்விடுங்கள். 1924இல் தொடங்கிய ஆனந்த பவன், 1947 முதல் இருக்கும் கோமள விலாஸ் இரண்டும் பசியாற்றும். தோசை சாப்பிடவா சிங்கப்பூர் வந்தோம் என்று தோன்றினால், உணவங்காடிகளில் சீனச் சைவக் கடைகளைத் தேடுங்கள். புத்த சமய மரபில் வந்தவை. சோயா, மாவுப் புரதம், காளான் கொண்டு சமைப்பார்கள். அவற்றில் சில வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை.

ஹலால் உணவு கிடைக்குமா?

அநேகமாக எல்லா உணவங்காடியிலும் ஹலால் கடைகள் இருக்கும். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் சான்றிதழைக் கடையில் மாட்டியிருப்பார்கள். தட்டுகளைத் திருப்பி வைக்கவும் ஹலால் உணவுக்குத் தனி அடுக்கு உண்டு, மாற்றி வைத்துவிடாதீர்கள். மேலே சொன்ன சீனக் கடைகள் பெரும்பாலும் ஹலால் அல்ல என்பதால் விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

வரிசை நீளமாக இருந்தால் நிற்பதா, நகர்வதா?

தியென் தியெனில் மதிய வேளையில் வரிசை வளைந்து நிற்கும். காலையில் கடை திறக்கும் நேரத்துக்கோ மதியம் மூன்று மணி வாக்கிலோ போனால் தப்பிக்கலாம். வெயிலில் குழந்தைகளோடு நிற்க முடியாது என்றால் வேறு வழி இருக்கிறது. தியென் தியெனில் பல ஆண்டுகள் தலைமைச் சமையல்காரராக இருந்தவர் விலகி, 2012இல் அதே மேக்ஸ்வெல்லில் சில கடைகள் தள்ளி ஆ தாய் என்ற கடையைத் திறந்தார். அங்கே வரிசை சிறியது. எனக்கு இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் அரைமணி நேரக் கால்வலிக்குத் தகுந்ததாகத் தெரியவில்லை. அடித்துச் சொல்லும் ரசிகர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

மேசையில் டிஷ்யூ பொட்டலம் கிடக்கிறது. உட்காரலாமா?

உட்காராதீர்கள், அது யாரோ இடம் பிடித்து வைத்தது. நம்மூர் பஸ்ஸில் துண்டு போடுவதற்குச் சமம். நீங்களும் ஒரு பொட்டலம் வைத்துவிட்டு வரிசையில் நிற்கலாம். சாப்பிட்ட பிறகு தட்டை நீங்களே எடுத்துக்கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் இது கண்டிப்பான விதி. முதல் முறை எழுத்துமூல எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி அபராதம்.

செலவு எவ்வளவு ஆகும்?

அங்காடியில் ஒருவர் பத்து வெள்ளிக்குள் கோழிச்சோறும் ஒரு கோப்பியும் சாப்பிட்டு எழுந்துவிடலாம். அதே கோழிச்சோற்றை ஆர்ச்சர்ட் சாலை ஓட்டலில் 1971 முதல் பரிமாறிவரும் சாட்டர்பாக்ஸ் உணவகத்தில் சாப்பிட்டால் இருபது வெள்ளிக்கு மேல். குளிர்சாதனம், துணிக் கைக்குட்டை எல்லாம் கணக்கில் சேரும். நண்டு எங்கே சாப்பிட்டாலும் பர்ஸ் இளைக்கும்.

பழைய பட்டியலில் இருக்கும் கடை இன்னும் இருக்குமா?

நிச்சயமாகச் சொல்ல முடியாது. உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் மனிதகுலப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் கடைக்காரர்கள் பலருக்கு அறுபது வயதாகிவிட்டது. விடியலுக்கு முன் எழுந்து எலும்பு வேகவைக்கும் வேலைக்கு அவர்கள் பிள்ளைகள் வருவதில்லை. கடைப்பெயர் அப்படியே இருந்து கை மாறியிருப்பதும் உண்டு. புறப்படும் முன், அண்மையில் போய்வந்தவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள்: வாணலிக்குப் பின்னால் நிற்பவர் அதே ஆள்தானா என்று.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எப்படிச் சாப்பிடுவது?

காலை பத்தரைக்கு மேக்ஸ்வெல். 2022 நவம்பரில் திறந்த மேக்ஸ்வெல் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. கோழிச்சோற்றை இருவர் பகிர்ந்துகொள்ளுங்கள். சற்றுத் தள்ளி சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோவில்; முதலில் அம்மனைப் பார்த்துவிட்டுச் சாப்பிட வருவதானால் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும். மதியம் தேக்காவில் பிரியாணியோ ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன்தலையோ, இரண்டில் ஒன்று. நான்கு மணிக்கு சுல்தான் பள்ளிவாசல் பக்கம் ஒரு தே தாரிக்கோடு (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) நிறுத்திக்கொள்ளுங்கள்; மூர்தபா வேண்டாம், இரவுக்கு வயிறு வேண்டும்.

பத்து மணிக்கு மேல் கேலாங். மிளகு நண்டு, சான் லௌ பீஹூன், ஏதாவது ஒரு கீரை. எழுந்திருக்கும்போது கடைசி ரயில் போயிருக்கும். டாக்சியில் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை மீட்டர் கட்டணத்தோடு பாதி கூடுதலாகக் கேட்பார்கள். அதையும் சாப்பாட்டுச் செலவிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.